ஐஸ் கம்பெனி ஸ்டாப்பிங்

டிசம்பர் 2, செவ்வாய்

காலையிலிருந்து ஜிப், ஜிப், ஜிப். குளிர் வந்ததும் ஊரிலுள்ள கோட்டுகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே நாளில் வாயைத் திறந்துவிடுகின்றன. தைக்க நான் ஒருத்தி, ஒரு மெஷின், ஒரு டியூப்லைட். மதியம் கடை வாசலில் வாடிக்கையாளர் மாதிரி ஒரு ஆள் வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தால் என் வீட்டுக்காரர்.

“சைக்கிள் பேசிட்டேன்” என்றார்.

“யாருக்கு?”

“நமக்குத்தான். ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள். ஹேண்டில்பார் உன்கிட்ட, நான் பின் சீட்டு. கடலோரமாவே கலங்கரை விளக்கம் வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம்.”

இந்தக் குளிரில், இந்த வயதில், இந்த முட்டியை வைத்துக்கொண்டு! நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, துணிக் குவியலுக்கு நடுவில் என் முகம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

டிசம்பர் 3, புதன்

அவரைப் பஸ்ஸை விட்டு இறக்கி ஏழு மாதம் ஆகிறது. எனக்கு அவர் இன்னும் டிரைவர்தான். யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பைப் பெரிதாக்கித் தரச் சொல்லி முதன்முதலில் கடைக்கு வந்தாரே, அன்றைக்கு வாயில் வந்த பெயர். அவருக்கு நான் ஊசி. கையில் இருப்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை அது.

இடது கண் எப்போதோ போய்விட்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தமாம். வலி இல்லை, சத்தம் இல்லை, டெப்போவில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனையில்தான் எங்களுக்கே தெரிந்தது. வலது கண்ணில் இப்போது குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரிகிறது. கண் டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. “சும்மா விட்டா ஒரு வருஷம், ஒண்ணரை வருஷத்துல இதுவும் போயிடும். ஆபரேஷன் பண்ணினா மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆனா இவ்வளவு கொஞ்சமா பார்வை இருக்கிற கண்ணுல, ஆபரேஷனாலயே அந்த மிச்சம் போயிடற ஆபத்தும் உண்டு. ஜனவரி அஞ்சு உங்களுக்காக வச்சிருக்கேன். யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

யோசித்துச் சொல்ல வேண்டியவர் சைக்கிள் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

“கடல்ல என்ன இருக்கு இப்போ?” என்று கேட்டேன்.

“முன்ன ஒரு காலத்துல பதினோரு வருஷம் அந்த ரோட்டுல பஸ் ஓட்டியிருக்கேன். ஜன்னலோர சீட்டுக்கு அடிச்சுக்குவாங்க. ‘ஐயோ பாரு, கடலைப் பாரு’ன்னு பின்னாடி ஒரே கூச்சல். நான் பார்த்தது ரோடு மட்டும்தான். ஒரு தடவைகூட நிம்மதியா திரும்பிப் பார்த்ததில்ல. பார்த்திருந்தா பஸ்ஸு கடல்ல இருந்திருக்கும்.”

சிரித்துவிட்டேன். அப்புறம் மெஷினுக்குப் பின்னால் குனிந்து, நூல் தேடுவது போல அழுதேன். சரி, போவோம்.

டிசம்பர் 6, சனி

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். எனக்குச் சாலையே கோணல். சைக்கிள் கடை வாசலில் இருந்த செடிவரிசைக்குள் இரண்டு தடவை நுழைந்து வெளியே வந்தோம். சைக்கிள்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முன்னால் இருப்பவர் வாய் ஓயக் கூடாது. பள்ளம் வந்தால் ‘பள்ளம்’, திருப்பம் வந்தால் ‘திருப்பம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பெடலும் ஒரே ஓட்டத்தில் சுற்றும். ஒருவர் காலை நிறுத்தினால் இன்னொருவர் காலும் நிற்கும். ஒருவர் அழுத்தாவிட்டால் அந்தப் பாரமும் மற்றவர் காலில் வரும். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தை யாரோ செயினில் மாட்டிவைத்த மாதிரி இருக்கிறது.

மணியைத் தன் பக்கம் மாட்டச் சொன்னார் டிரைவர். “ஸ்டியரிங் போச்சு, பிரேக்கும் போச்சு. மணியாவது என்கிட்ட இருக்கட்டும்.”

“பின்னாடி உட்கார்ந்து யாருக்கு மணி?”

“உனக்குத்தான். ஒரு மணி அடிச்சா நில்லு. ரெண்டு மணி அடிச்சா போ. என் கண்டக்டர் எனக்கு அப்படித்தான் அடிப்பான்.”

பஸ்ஸில் இருந்தவரை இவர் கண்டக்டர் பேச்சைக் கேட்டார். இனி நான் இவர் பேச்சைக் கேட்க வேண்டுமாம்.

டிசம்பர் 8, திங்கள்

கிளம்பிவிட்டோம். மகள் போனில் கத்தினாள்: “அப்பாவுக்குக் கண்ணுதான் சரியில்ல. உனக்கு மூளையுமா?” அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பெற்ற ஊசி.

ஊர் தாண்டி, கடைசி மேட்டில் முக்கி முனகி ஏறியதும் மரங்கள் விலகின. நான் கடலையே பார்க்காதவள் இல்லை. வெயில் காலத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் செருப்பிலிருந்து மணலைத் தட்டிவிட்டு வந்தவள்தான். இது அந்தக் கடல் இல்லை. கடல் முழுவதும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அடுப்பில் உலை கொதிப்பது போல, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். ஆவி ஆள் உயரத்துக்கு எழும்பி, திரண்டு, தண்ணீரின் மேல் வரிசையாக நடந்து போனது. அப்போதுதான் சூரியன் வந்தது. நடந்துபோன அத்தனையும் பொன்னிறமாக மாறியது. யப்பா! பள்ளம், திருப்பம், பிரேக் எல்லாம் மறந்துபோய் “ஐயோ” என்று கத்தினேன்.

“விழுந்துட்டமா?” என்றார் பின்னாலிருந்து.

“இல்லங்க. கடல் கொதிக்குது!”

“காத்து அவ்வளவு குளிர்ச்சி. தண்ணி அதைவிடச் சூடு. அதான்” என்று விளக்கம் சொல்லிக்கொண்டே இறங்கினார். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வலமிருந்து இடமாக மெதுவாகத் திருப்பினார். பிறகு கொஞ்சம் தாழ்த்தி இடமிருந்து வலமாக.

“என்ன பண்றீங்க?”

“மொத்தமா தெரியாதுல்ல. துண்டு துண்டா பார்த்து ஒட்டிக்கிறேன்.”

ஒட்டுப்போடுவது என் தொழில். இவ்வளவு பெரிய துணிக்கு யாரும் ஒட்டுப்போட்டு நான் பார்த்ததில்லை. விரல் விறைத்துப்போகும் வரைக்கும் அவர் பார்த்தார். நான் கடலைப் பாதி, அவரைப் பாதி பார்த்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பயமாக இருக்கிறது. இன்று வழியில் பல இடங்களில் பெடல் திடீரென்று கனத்தது. பின்னாலிருந்து வரும் பலம் சட்டென்று நின்று, கொஞ்ச தூரம் கழித்து மறுபடி வருகிறது. நெஞ்சுவலியை மறைக்கிறாரா? முட்டியா? முன்னால் உட்கார்ந்தவளுக்குப் பின்னால் இருப்பவர் முகம் தெரியாது. எனக்கு அவரைப் பற்றித் தெரிவதெல்லாம் என் காலடியில் வரும் கனம் மட்டும்தான்.

நிறுத்தி, ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் கொடுத்தேன். “எனக்கு என்ன? குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்” என்றார். குத்துக்கல்லுக்கு மூச்சு வாங்குமா?

டிசம்பர் 10, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! பெடல் கனக்கும் இடத்தில் எல்லாம் இடப்பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பிங் இருக்கிறது. கம்பம், போர்டு, சில இடங்களில் ஒரு பெஞ்சு. இன்று வேண்டுமென்றே கவனித்தேன். பள்ளிக்கூட ஸ்டாப்பிங்கில் கனத்தது. படகுத்துறையில் கனத்தது. சர்ச் மேட்டில் கனத்தது.

“ஏங்க, யாரை ஏத்துறீங்க?” என்று கேட்டேன்.

 பின்னால் ஒரே சிரிப்பு. “பழக்கதோஷம், ஊசி. ஸ்டாப்பிங் வந்தா கால் தானா பிரேக்குக்குப் போகுது.”

சிரித்துச் சிரித்து சைக்கிள் தள்ளாடியது. சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்டாப்பிங் எல்லாம் இடப்பக்கம். போன கண்ணும் இடப்பக்கம். அப்படியானால்? “போர்டு தெரிஞ்சுதா உங்களுக்கு?” என்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

“ஸ்டாப்பிங் வந்துச்சு, நின்னேன்” என்றார்.

தெரிகிறது! அந்தப் பக்கமும் தெரிகிறது. கடல்காற்று பட்டோ, மனசு லேசானதோ, என்ன எழவோ, எப்படியோ திரும்பி வந்துகொண்டிருக்கிறது. மாலை வரைக்கும் ஒரு ஸ்டாப்பிங்கைக்கூட விடாமல் கால் நின்றது. நான் பாடிக்கொண்டே மிதித்தேன். என் பாட்டைக் கேட்டு ஒரு நாய் எங்களை வெகுதூரம் துரத்தியது.

டிசம்பர் 11, வியாழன்

ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒன்றுகூட!

டிசம்பர் 12, வெள்ளி

பனி பெய்தது. கரையில் விழுந்த பனி வெள்ளையாகக் கிடந்தது. கடலில் விழுந்த பனிக்கு என்ன ஆயிற்று? அத்தனை பெரிய வானம் கொட்டுகிறது, கொட்டிக்கொண்டே இருக்கிறது. கடல் சத்தம் போடாமல் வாங்கிக்கொள்கிறது. ஒரு துளி கூடுதலாகத் தெரியவில்லை. அலைகூட அடங்கிப்போய் இருந்தது. நான் வாய் பிளந்து நின்றதில் நாக்கில் பனி விழுந்தது.

“கடல் எப்படி இருக்கு?” என்றார்.

“இருக்கு.”

“அவ்வளவுதானா?”

“தண்ணி. மேல பனி விழுது. வேற என்ன சொல்ல? நீங்கதான் பார்க்கறீங்களே.”

எனக்கு இந்த வர்ணனை எல்லாம் வராது. சட்டையின் தோள் இறங்கியிருந்தால் இறங்கியிருக்கிறது என்று சொல்லத் தெரியும்.

பிற்பகலில் பஞ்சர். இவர் ஒட்டும் பசையை வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். கிளம்பும் அன்றே ஒருமுறை பையைச் சரிபார்க்கச் சொன்னேனே என்ற கோபத்தில், “இப்போ தேடி என்ன பண்றது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார், சிரிப்பு தாங்காமல். “கெடறதுக்கு முன்னாடியே வந்துட்டோம்ல? வணங்கிட்டே வர்றேன்ல?” என்றார். விடுதி வரைக்கும் தள்ளிக்கொண்டே நடந்தோம். விடுதிக்காரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தக் குளிர்ல இங்க பறவை பார்க்கறவங்க வருவாங்க. இல்லாட்டி பைத்தியங்க வருவாங்க.”

“பறவை பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றார் டிரைவர்.

சாப்பிட்ட பிறகு மெதுவாகப் பேச்சை எடுத்தேன். கண்தான் தெரிய ஆரம்பித்துவிட்டதே, இனி எதற்கு ஆபரேஷன்? இருப்பதும் போய்விட்டால்? மகளிடமும் போனில் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், சந்தோஷத்தில். இவர் மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். “பார்க்கலாம்” என்றார். முகத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை. ஆம்பளைகளுக்கு நல்ல சேதியைத் தாங்கும் பலமும் கிடையாது.

டிசம்பர் 13, சனி

ஆற்று முகத்துவாரம். ஆறு பாதி உறைந்து, உடைந்து, வட்ட வட்டமான பனித்தட்டுகளாகக் கடலுக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் சாப்பாட்டு மேசை அளவு. ஒன்றோடொன்று உரசி உரசி ஓரம் மடிந்து, யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் விளிம்பு மடித்துத் தைத்தது போல இருந்தது. கோணல் இல்லாத மடிப்பு. என்னால் ஆகாது. உரசும் சத்தம் இருக்கிறதே — ஆயிரம் பேர் கிசுகிசுவென்று பேசுவது போல.

பாலத்தின் நடுவில் நின்றோம். இத்தனை வருஷம் டியூப்லைட்டின் கீழ் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்போதெல்லாம் இது இங்கே, யாரும் கேட்காமல், தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. கோபம்கூட இல்லை. பாலத்துக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

எழுதாமல் படுக்கக் கூடாது.

ஒரு சின்னப் பாலம். இறக்கம். சாலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. பெடல் கனத்தது. கனத்தது மட்டுமில்லை, முழுவதும் நின்றது. பின்னால் ஒரு மணி அடித்தது.

“என்னங்க?”

“ஐஸ் கம்பெனி ஸ்டாப்பிங். இங்க எப்பவும் கூட்டம் நிக்கும். மீன் பெட்டியோட ஏறுவாங்க, பஸ்ஸே நாறும். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கிட்டே டிக்கெட் கிழிப்பான். பாரு, இப்பவும் யாராவது நிக்கிறாங்களா?”

திரும்பிப் பார்த்தேன். கம்பம் இல்லை. போர்டு இல்லை. பெஞ்சு இல்லை. ஐஸ் கம்பெனியே இல்லை. எப்போதோ இடித்துச் சமமாக்கிய தரை, அதன் மேல் பனி, நடுவில் ஒரு காக்கை. டிரைவர் அந்த வெறும் தரையின் பக்கம் முகத்தைத் திருப்பி, தெரிந்தவர்களைப் பார்த்தது போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“யாரும் இல்லங்க” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“என்ன ஆச்சு உனக்கு?”

“எதுவுமே இல்லங்க. கம்பெனியும் இல்ல, ஸ்டாப்பிங்கும் இல்ல. காலி மனை.”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. “எடுத்துட்டாங்களா…” என்றார். அப்புறம், “அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியாது, ஊசி. டாக்டரம்மா சொன்னது சரிதான்.”

“அப்போ இத்தனை நாளா எல்லா ஸ்டாப்பிங்குலயும் எப்படி?”

“மேடு ஏறினா காலுக்குத் தெரியும். வளைவு வந்தா இடுப்புக்குத் தெரியும். பதினோரு வருஷம்ல.”

“நான் கேட்டேனே! போர்டு தெரியுதான்னு கேட்டேனே!”

“நீ பாடிக்கிட்டே மிதிச்ச. கல்யாணம் ஆன புதுசுல பாடினதுதான், அதுக்கப்புறம் இப்பத்தான். எப்படிச் சொல்லச் சொல்ற?”

பாவி மனுஷன். நான் மகளுக்கு வேற போன் பண்ணி... அவ அழுதாளே. ஆபரேஷன் வேணாம்னு நான்தானே சொன்னேன். ஐஸ் கம்பெனியை இடிக்காம விட்டிருந்தா? இவர் சும்மாவே இருந்திருப்பாரா? நான் பாடிக்கிட்டே, இருக்கிற கண்ணையும் குழி தோண்டிப் புதைச்சிருப்பேன். ஒரு வார்த்தை திட்டக்கூட முடியலையே, யாரைத் திட்டுறது? காக்கையைத் திட்டினேன். அது பறந்துபோச்சு.

விடுதியில் அவர் படுத்ததும் தூங்கிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த உடம்புக்குள் ஒரு சாலை முழுவதும் இருக்கிறது. மேடு, பள்ளம், வளைவு, எந்த இடத்தில் யார் ஏறுவார்கள் என்பதுவரை. அங்கே யாரும் எதையும் இடிக்கவில்லை. கடலைப் பார்த்து வாய் பிளந்தேனே, இத்தனை வருஷமாகப் பக்கத்தில் படுத்திருந்த ஆளை ஒழுங்காகப் பார்த்தேனா?

டிசம்பர் 15, திங்கள்

கலங்கரை விளக்கம். சாலை இங்கே முடிகிறது. காலையிலிருந்து நாங்கள் ரொம்பப் பேசவில்லை. ஸ்டாப்பிங் வந்தால் கால் நின்றது, நானும் நிறுத்தினேன், ரெண்டு மணி அடித்தது, கிளம்பினோம். அவ்வளவுதான் பேச்சு.

அலை மோதி மோதித் தெறித்த தண்ணீர் உறைந்து, கைப்பிடிக் கம்பி, படி, விளக்குக் கம்பம் எல்லாம் கண்ணாடிக்குள் போட்டுவைத்தது போல நின்றன. சூரியன் அடித்ததும் அந்த முனை முழுவதும் எரிந்தது. அதற்கு அப்பால் கடல், கடல், கடல். கீழே அலை அடிக்கும்போது தரை அதிர்வது கால் வழியாக வயிறு வரைக்கும் ஏறியது. கும்பிடலாமா என்று தோன்றியது. எதை, யாரை என்று தெரியாமல் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றேன்.

“நீ அந்தக் கம்பிகிட்டப் போய் நில்லு” என்றார். “எனக்கு அளவு வேணும். கடல் எவ்வளவு பெரிசுன்னு உன்னை வச்சுத்தான் பார்க்கணும்.”

போய் நின்றேன். என்னைத் தேடிப் பிடித்தார். “உன் முகம் மட்டும்தான் தெரியுது” என்றார். பிறகு பின்பக்கமாகவே அடி அடியாக நடந்தார். தூரம் போகப் போகத்தான் அந்தக் குழாய்க்குள் அதிகம் அடங்குமாம். “பார்த்துங்க, கல்லு! வழுக்கும்!” என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். அவர் போய்க்கொண்டே இருக்கிறார். சுவர் முதுகில் தட்டும் வரைக்கும் போனார். சின்னப் பொம்மை மாதிரி ஆகிவிட்டார். அங்கிருந்து கையைத் தூக்கி, காற்றுக்கு மேல் கத்தினார்:

“அடங்கிருச்சு! ரெண்டும் அடங்கிருச்சு! நீயும் கடலும்!”

நான் அசையவில்லை. கண்ணீர் கன்னத்தில் வலித்தது, அவ்வளவு குளிர். அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றேன். புகைப்படத்துக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை.

திரும்பி வந்து, என் கையுறைக்குள் தன் விரல்களையும் திணித்துக்கொண்டார். “ஆபரேஷன் பண்ணிக்கலாம். இருந்தா லாபம். போனா... எடுத்து உள்ள வச்சாச்சு.”

“பண்ணிக்கலாம்” என்றேன் நானும். முதல் தடவையாக நான் மறுபேச்சுப் பேசாதது அவருக்கே சந்தேகமாக இருந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

திரும்பும் வழி. இப்போது கடல் இடப்பக்கம்.

“போறப்போ நான் பார்த்தேன். வர்றப்போ கடல் செத்த கண்ணு பக்கம் வருது. கழுத்தைத் திருப்பித் திருப்பி வலிக்குது. நீதான் சொல்லணும்” என்றார்.

“எனக்கு வராதுங்க.”

“சட்டையைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லேன்.”

சொல்லிப் பார்த்தேன். கரையோரம் சாம்பல் நிறம், நடுவில் கரும்பச்சை, தூரத்தில் ஒரு வெள்ளைத் தையல், அதற்கு மேல் வானம். அலை வரும்போது விளிம்பு மடிகிறது, உடையும்போது நூல் பிரிகிறது.  பெடல் லேசாகியது. பின்னாலிருந்து அவ்வளவு பலம் இதுவரை வந்ததில்லை.

டிசம்பர் 18, வியாழன்

சேற்றுக் கரையிலிருந்து பறவைகள் எழுந்தன. தரையே எழுந்துவிட்டது என்று நினைத்தேன். எத்தனை ஆயிரமோ! ஒரே உதறலில் விரித்த போர்வை மாதிரி எழுந்து, திரும்பி, வெள்ளையாகி, மறுபடி திரும்பிக் கறுப்பாகி, ஒன்றோடொன்று முட்டாமல், யாரும் மணி அடிக்காமல்! நான் சொல்கிறேன், சொல்கிறேன், மூச்சுவிடாமல் சொல்கிறேன். பள்ளத்தைச் சொல்ல மறந்து சைக்கிளைப் பள்ளத்தில் விட்டேன். இரண்டு பேரும் பனியில் உருண்டோம்.

“நிறுத்தாத” என்றார், பனிக்குள் படுத்தபடியே. “இப்போ எந்தப் பக்கம் திரும்புது?”

ஜனவரி 5, திங்கள்

தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்குள் நுழையும்போது வண்டியின் கம்பியில் மோதிரம் போட்ட விரலால் தட்டினார். டிங், டிங். போகலாம்.

ஜனவரி 7, புதன்

கட்டை அவிழ்த்தார்கள். வெளிச்சம் தெரிகிறது. உருவம் இல்லை. என் முகம் இல்லை.

டாக்டரம்மா மறைக்காமல் சொன்ன ஆபத்துதான். அந்தம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். யார் மேலும் குறை இல்லை. குறை இல்லைன்னு எழுதிட்டேன். வயிறு எரியுதே, அதை என்ன பண்றது?

பிப்ரவரி 11, புதன்

ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து கட்டிலைவிட்டு இறங்காத மனிதர் இன்று கடைக்கு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கோட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தேன். “அந்தப் பறவை எந்தப் பக்கம் திரும்பிச்சுன்னு நீ சொல்லி முடிக்கல” என்றார்.

கோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லி முடித்தேன்.

டிசம்பர் 7, திங்கள்

சைக்கிள்காரர் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. பின் ஹேண்டில்பாரில் மணியை மாட்டிவைத்துக் காத்திருந்தார். மகள் பஞ்சர் பசை இரண்டு டப்பா வாங்கிக் கொடுத்தாள், திட்டிக்கொண்டே.

டிசம்பர் 13, ஞாயிறு

மேகம் கலைந்து வெயில் வந்தது. “வலது பக்கம் பளிச்சுன்னு ஆகுது. கடல்தானே?” என்றார்.

“கடல்தான்.”

“எப்படி இருக்கு?”

சொல்ல ஆரம்பித்தேன். நேற்று இரும்பு நிறத்தில் இருந்தது, இன்று வெயிலில் சலவைத் துணி மாதிரி விரிந்து கிடக்கிறது. தூரத்தில் ஒரு கப்பல், நகர்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அதற்கு மேல் ஒரே ஒரு பறவை, அவசரமே இல்லாமல். சின்னப் பாலம் ஒன்று வந்து போனது. நான் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறக்கத்தில் பேசிக்கொண்டே போனேன். சாலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. கால் நின்றது.

“நல்ல ஆளுங்க நீங்க, கரெக்டா நிறுத்திட்டீங்களே” என்றேன்.

“நான் எங்க நிறுத்தினேன்? நீதான் நிறுத்தின.”

திரும்பி இடப்பக்கம் பார்த்தேன். காலி மனை. பனி. என் கால் பெடலின் மேல் தானாக நின்றிருந்தது.

மீன் பெட்டிகளோடு ஏறுகிறவர்கள் எல்லாரும் ஏறட்டும் என்று இரண்டு பேரும் காத்து நின்றோம். பிறகு பின்னாலிருந்து ரெண்டு மணி அடித்தது. மிதித்தேன்.